வேற்றூர்க்காரன் யாத்திரிகன் ஆன விதம்

கி.மு. 242 வாக்கில் ரோமாபுரி புதிதாக ஒரு நீதிபதி பதவியை உண்டாக்கியது. குடிமக்கள் ஒருவர்மேல் ஒருவர் தொடுக்கும் வழக்குகளைக் கேட்க ஏற்கெனவே ஒருவர் இருந்தார். நகரம் வளர வளர, சிசிலித் தீவிலிருந்தும் கிரேக்க ஊர்களிலிருந்தும் வணிகர்கள் வந்து குவிந்தார்கள். ரோமக் குடிமக்களுக்கான சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. வாங்கிய சரக்கு கெட்டுப்போனாலோ கொடுத்த கடன் திரும்பாவிட்டாலோ எங்கே போய் முறையிடுவது? அதற்காகத்தான் இரண்டாவது நீதிபதி. அவர் பதவிக்குப் பிற்காலத்தில் நிலைத்த பெயர் ‘பிரேடோர் பெரெக்ரீனுஸ்’. பிரேடோர் என்றால் நீதிபதி. பெரெக்ரீனுஸ் என்றால் வேற்றூர்க்காரன்.

இன்று ஆங்கிலத்தில் புனிதப் பயணம் போகிறவரைக் குறிக்கும் ‘பில்கிரிம்’ இந்தப் பெரெக்ரீனுஸேதான். கடன் வழக்குக்கு வந்து நின்ற வியாபாரியைச் சுட்டிய சொல், காவடி தூக்குகிறவருக்கும் காசிக்குப் போகிறவருக்கும் ஆங்கிலப் பத்திரிகைகள் போடும் சொல்லாக எப்படி ஆயிற்று? ஒலி எப்படி மாறியது, பொருள் எப்படி மாறியது என்று இரண்டு கேள்விகள் இதில் இருக்கின்றன. இரண்டுக்கும் மொழியியல் சுவையான விடை வைத்திருக்கிறது.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். லத்தீனில் ‘பெர்’ என்றால் ஊடாக, கடந்து. ‘ஆகெர்’ என்றால் வயல். விவசாயத்தைக் குறிக்கும் ‘அக்ரிகல்ச்சர்’ என்ற சொல்லின் தலையில் இருப்பதும், நிலம் அளக்கும் ‘ஏக்கர்’ என்ற சொல்லின் உறவினரும் இந்த ஆகெர்தான். இரண்டும் சேர்ந்து ‘பெரெக்ரே’ என்றால் ‘வயலைத் தாண்டி’, அதாவது ஊருக்கு வெளியே. அப்படி வெளியே இருப்பவன் பெரெக்ரீனுஸ். ஒருவன் அந்நியனா இல்லையா என்பதை அவன் நிறமோ மொழியோ தீர்மானிக்கவில்லை. எந்த வரப்புக்கு அப்பாலிருந்து வந்தான் என்பதே தீர்மானித்தது.

ரோமப் பேரரசு விரிந்தபோது இந்தச் சொல்லும் விரிந்தது. ரோமருக்கு அடங்கிய நாடுகளில் வாழ்ந்த, அடிமையல்லாத, ஆனால் குடியுரிமை இல்லாத கோடிக்கணக்கானோர் சட்டத்தின் கண்ணில் பெரெக்ரீனுஸ் ஆனார்கள். சொந்த மண்ணில் பிறந்து, அங்கேயே உழுது, அங்கேயே இறந்தவர்களும் தாள்களில் ‘வேற்றூர்க்காரர்’. இந்த ஒரு சொல் உயிரையே நிர்ணயித்தது. புனித பவுல் பிறவியிலேயே ரோமக் குடிமகன் என்பதால் விசாரணையில்லாமல் அவரைச் சாட்டையால் அடிக்க முடியவில்லை என்று பைபிள் சொல்கிறது. கிறிஸ்தவ மரபின்படி பேதுரு சிலுவையில் மாண்டார், பவுல் வாளுக்கு இரையானார். குடிமகனைச் சிலுவையில் அறைவது வழக்கமில்லை என்பதை நினைத்தால் அந்த வேறுபாடு விளங்கும். கி.பி. 212-இல் பேரரசர் கரகல்லா ஒரே ஆணையில் ஏறக்குறைய எல்லாச் சுதந்திர மனிதர்களையும் குடிமக்களாக்கினார். சட்டத்தில் பெரெக்ரீனுஸுக்கு வேலை போயிற்று. வேலை போன சொல் வேறு வேலை தேடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குள் ஒலிக் கதையைப் பார்த்துவிடலாம். ‘பெரெக்ரீனுஸ்’ என்று ஐந்து முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு ரகரங்கள் அருகருகே நின்று நாக்கை இடறும். லத்தீன் ரகரம் நுனிநாக்கு அதிர்ந்து எழும் ஒலி. அப்படி உருட்டும்போது நாக்கு நுனி நொடிக்கு ஏறக்குறைய 25 முதல் 30 முறை துடிக்கிறது. ஒரு சொல்லுக்குள் இந்த வித்தையை இருமுறை செய்ய மூளை திட்டமிட வேண்டும். முதல் ரகரத்துக்கான கட்டளையும் இரண்டாவதற்கான கட்டளையும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன என்பது ஒரு விளக்கம். மோதலைத் தவிர்க்க ஒன்று விலகி, பக்கத்து வீட்டு ஒலியான லகரமாகிவிடுகிறது. பேசுகிறவருக்கு இது நடப்பதே தெரியாது. பிற்கால லத்தீனில் ‘பெலெக்ரீனுஸ்’ தோன்றியது இப்படித்தான். ஒத்த ஒலிகள் இரண்டு அருகில் வரும்போது ஒன்று மாறிப்போவதை வேற்றொலியாக்கம் என்கிறார்கள்.

இந்த ஒரு விதி ஐரோப்பிய மொழிகளில் செய்திருக்கும் வேலையைப் பார்த்தால் வியப்பு வரும். பளிங்கைக் குறிக்கும் லத்தீன் ‘மார்மோர்’ ஆங்கிலத்தில் ‘மார்பிள்’ ஆனது. ஊதா நிறத்துக்கான ‘புர்புரா’, ‘பர்ப்பிள்’ ஆனது. மரத்துக்கான ‘ஆர்போர்’ ஸ்பானிய மொழியில் ‘ஆர்போல்’. எல்லாவற்றிலும் இரண்டு ரகரத்தில் ஒன்று லகரமாகியிருக்கிறது. எந்த ரகரம் விட்டுக்கொடுக்கும் என்பது மட்டும் சொல்லுக்குச் சொல் வேறுபடுகிறது.

இதைவிட நுட்பமான வேலை ஒன்றை லத்தீன் தன் இலக்கணத்துக்குள்ளேயே செய்து வைத்திருந்தது. ‘தொடர்பான’ என்ற பொருளில் சொல்லின் கடைசியில் ‘ஆலிஸ்’ சேரும். கப்பல் தொடர்பானது ‘நாவாலிஸ்’, மரணம் தொடர்பானது ‘மோர்ட்டாலிஸ்’. ஆனால் சூரியனைக் குறிக்கும் ‘சோல்’, நிலவைக் குறிக்கும் ‘லூனா’ ஆகியவற்றில் ஏற்கெனவே ஒரு லகரம் இருக்கிறது. இன்னொரு லகரம் வேண்டாமென்று விகுதி ‘ஆரிஸ்’ ஆகிவிடும்: சோலாரிஸ், லூனாரிஸ். நம் மொட்டை மாடியில் மாட்டும் பலகையை ‘சோலால்’ என்று சொல்லாமல் ‘சோலார்’ என்று சொல்வதற்குக் காரணம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரோமர்களின் நாக்கு பட்ட சங்கடம். இன்னும் ஒரு படி போகலாம். பூ தொடர்பான ‘ஃப்ளோரல்’ என்ற சொல்லில் லகரம் இருந்தும் ‘அல்’ மாறவில்லையே? நடுவில் ஒரு ரகரம் குறுக்கே நிற்கிறது. அது இரண்டு லகரங்களையும் பிரித்துவிடுவதால் இடறல் இல்லை. ‘ப்ளூரல்’ என்ற சொல்லிலும் இதே காவல். யாரும் உட்கார்ந்து எழுதாத சட்டம் இது. விதிவிலக்குகள் உண்டு என்றாலும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சேர்ந்து காப்பாற்றிய சட்டம்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு கூடுதல் மகிழ்ச்சி காத்திருக்கிறது. பள்ளியில் போலி என்று படித்திருப்போம்: ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து நின்று, பொருள் மாறாமலிருப்பது. பந்தர் பந்தல் ஆனதும், சாம்பர் சாம்பல் ஆனதும் கடைப்போலி. ரகரமும் லகரமும் பல்லுக்குப் பின்னால் ஒரே மேட்டுப் பகுதியில் பிறப்பவை. நாக்கின் ஓரங்களில் காற்று வழிந்தால் லகரம், நுனி தட்டினால் ரகரம். அதனால்தான் உலகம் முழுவதும் இவை இடம் மாற்றிக்கொள்கின்றன. பில்கிரிம் என்ற சொல்லின் கடைசியைப் பாருங்கள். லத்தீனில் அங்கே இருந்தது னகரம். ஆங்கிலத்தில் மகரம். ‘ரேண்டம்’, ‘ரேன்சம்’ ஆகிய சொற்களும் பழைய பிரெஞ்சில் னகரத்தில் முடிந்தவை. நம்மிடமும் அறன் – அறம், நிலன் – நிலம் என்று இதே இரட்டை இருக்கிறது. நன்னூல் இதற்கு விதியே வகுத்திருக்கிறது. பெரெக்ரீனுஸ் பில்கிரிம் ஆவதற்குள் நடந்த இரண்டு பெரிய ஒலிமாற்றங்களுக்கும் நம் இலக்கணத்தில் இணை உண்டு. நாக்கும் உதடும் எல்லா நாட்டிலும் ஒரே உறுப்புகள்தாமே.

இனி பொருளுக்கு வருவோம். நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசு கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்தது. எருசலேமைப் பார்க்கும் ஆசை மேற்கு ஐரோப்பாவரை பரவியது. கி.பி. 333-இல் இன்றைய பிரான்சின் போர்தோ நகரிலிருந்து புறப்பட்ட ஒருவர் எழுதி வைத்த வழிக்குறிப்பு இன்றும் கிடைக்கிறது. அவர் பெயர் தெரியவில்லை. குதிரை மாற்றும் இடம், இராத் தங்கும் இடம், அடுத்த நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். அரை நூற்றாண்டு கழித்து எகேரியா என்ற பெண் சீனாய் மலையும் எருசலேமும் சென்று, ஊரிலிருந்த தோழியருக்கு எழுதிய நீண்ட கடிதத்தின் நடுப்பகுதி 1884-இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. இவர்கள் போன இடமெல்லாம் வேற்றூர்க்காரர்கள். அதனால் பெரெக்ரீனுஸ் என்ற சொல் இவர்களுக்கு இயல்பாகப் பொருந்தியது. அதே காலத்து லத்தீன் பைபிளில், எபிரெயர் நிருபத்தின் 11-ஆம் அதிகாரம் விசுவாசிகளைப் பூமியில் வந்து தங்கிப்போகும் பெரெக்ரீனுஸ் என்றது. நீதிமன்றச் சொல் இப்போது ஆன்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. வானகம் சொந்த ஊர் என்றால் இவ்வுலகில் எல்லாருமே குடியுரிமை இல்லாதவர்கள் என்ற எண்ணத்தைப் புனித அகுஸ்தீன் தன் ‘கடவுளின் நகரம்’ நூலில் விரிவாக எழுதினார்.

அந்த எண்ணத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தவர்கள் அயர்லாந்துத் துறவிகள். அவர்களுக்குப் போய்ச் சேர ஒரு கோயில்கூடத் தேவைப்படவில்லை. சொந்த மண்ணை விட்டு வெளியேறுவதே தவம். ஆங்கிலேயரின் பழைய ஆண்டுக் குறிப்பேட்டில் 891-ஆம் ஆண்டுக்கு ஒரு பதிவு இருக்கிறது. மூன்று அயர்லாந்துக்காரர்கள் துடுப்பில்லாத படகில் ஏறிக் கடலில் இறங்கிவிட்டார்கள். படகு இரண்டரை மாட்டுத் தோலில் செய்தது. நம் பரிசலின் உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஏழு நாள் உணவு கையிருப்பு. எங்கே ஒதுங்கினாலும் சரி, கடவுளுக்காக வேற்று மண்ணில் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஏழு நாளில் கார்ன்வால் கரையில் ஒதுங்கி, மன்னர் ஆல்ஃபிரட்டைப் போய்ப் பார்த்தார்கள். எனக்கு இதில் படகைவிட வியப்பு அந்தப் பதிவின் சொல். பில்கிரிம் அப்போது ஆங்கிலத்துக்குள் வரவில்லை. பழைய ஆங்கிலம் தன் சொந்த வேரிலிருந்து ‘எல்தியோதிக்’ என்ற சொல்லை எடுத்திருக்கிறது. அதன் நேர்ப்பொருள் ‘வேற்று மக்களைச் சேர்ந்தவன்’. ரஷ்ய மொழியில் நாடோடி யாத்திரிகரைக் குறிக்கும் ‘ஸ்த்ரான்னிக்’ என்பதும் ‘விநோதமான’ என்று பொருள்படும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. அந்நியனும் யாத்திரிகனும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது லத்தீனின் தனி விருப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது.

கூட்டம் பெருகியதும் சொல்லும் வகைப்பட்டது. 1290-களில் இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் ‘வீத்தா நுவோவா’ நூலில் இதற்கு ஒரு துல்லியமான பாகுபாடு தருகிறார். கடல் கடந்து எருசலேம் போய்ப் பனையோலையோடு திரும்புகிறவர் ‘பால்மியேரி’. ரோமுக்குப் போகிறவர் ‘ரோமேயி’. ஸ்பெயினின் சந்தியாகோவில் உள்ள யாகப்பர் கல்லறைக்குப் போகிறவரே கண்டிப்பான பொருளில் ‘பெரெக்ரீனி’. ஏனென்றால் எந்த அப்போஸ்தலரும் யாகப்பர் அளவுக்குச் சொந்த ஊரிலிருந்து தொலைவில் புதைக்கப்படவில்லை. ஓலை கொண்டுவந்தவர் ஆங்கிலத்தில் ‘பாமர்’ ஆகி, இன்று குடும்பப் பெயராக உலவுகிறார். சந்தியாகோவுக்குப் போனவருக்கு அடையாளம் ஒரு கடற்சிப்பி. பிரான்சின் எல்லையிலிருந்து அங்கே நடந்தால் ஏறக்குறைய 780 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நடப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தச் சிப்பியைச் செத்த பிறகும் பிரியாதவர்கள் இருந்தார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் இடைக்காலக் கல்லறைகளைத் தோண்டியபோது எலும்புக்கூட்டின் அருகே இந்தச் சிப்பி கிடைத்திருக்கிறது. ஸ்பானிய மொழி பழைய பொருளையும் விடவில்லை. அங்கே ‘பெரெக்ரீனோ’ யாத்திரிகர். ஒருவருடைய யோசனையை ‘பெரெக்ரீனா’ என்றால், இது எங்கிருந்தோ வந்த விநோத யோசனை என்று பொருள்.

மூலச் சொல்லின் ரகரம் மாறாமல் வாழும் இடம் ஒன்று வானத்தில் இருக்கிறது. நாம் பைரி என்று சொல்லும் வல்லூறுக்கு அறிவியல் பெயர் ‘ஃபால்கோ பெரெக்ரீனுஸ்’. செங்குத்துப் பாறையில் கூடு கட்டும் இந்தப் பறவையின் குஞ்சை எடுப்பது கடினம் என்பதால், வேட்டைப் பறவை பழக்குவோர் இதை வலசை வழியில் பிடித்தார்கள். வழிப்போக்கில் கிடைத்ததால் வழிப்போக்கன் பெயர். இரையின்மேல் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். வந்தே பாரத் ரயில் ஓடும் உச்ச வேகத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இதன் கிளையினமான ஷாஹீன் இருக்கிறது. சிகிரியாப் பாறையில் பார்க்கலாம். அது நெடுந்தொலைவு வலசை போகாமல் ஒரே வட்டாரத்தில் வாழ்வது. ஆனாலும் அதன் கிளையினப் பெயர் ‘பெரெக்ரினேட்டர்’, ஊர் சுற்றுகிறவன். 1837-இல் இதை விவரித்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் சுந்தெவாலுக்குக் கிடைத்த பறவை, இலங்கைக்கும் சுமத்திராவுக்கும் இடையே நடுக்கடலில் ஒரு கப்பலில் பிடிபட்டது. பெயர் வந்த காரணம் அது.

இந்தச் சொல்லின் அடுத்த திருப்பம் விசித்திரமானது. 1538-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்சி யாத்திரைகளைக் கண்டித்தது. கேன்டர்பரியில் இருந்த புனித தாமஸ் பெக்கெட்டின் கல்லறை மண்டபம் இடிக்கப்பட்டது. யாத்திரைகளுக்குப் புகழ்பெற்ற நாட்டில் யாத்திரிகர் இல்லை. சொல் செத்திருக்க வேண்டும். ஆனால் 1620-இல் ‘மேஃப்ளவர்’ கப்பலில் 102 பேர் 66 நாள் பயணம் செய்து அமெரிக்கா போனார்கள். கல்லறை யாத்திரையை வெறுத்த கடுமையான சீர்திருத்தக்காரர்கள் அவர்களில் பலர். அவர்களின் தலைவர் வில்லியம் பிராட்ஃபோர்ட், பழைய ஊரை விட்டுப் பிரிந்த நாளை நினைவுகூரும்போது, எபிரெயர் நிருபத்தின் அதே வசனத்தை மனத்தில் வைத்துத் தங்களைப் பில்கிரிம் என்று எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி தொலைந்துபோய், லண்டன் பிஷப்பின் நூலகத்தில் அகப்பட்டு, 1856-இல்தான் முழுமையாக அச்சேறியது. ரோமர் தந்த ‘வெளியாள்’ பொருளும் திருச்சபை தந்த ‘இறைவனைத் தேடுபவர்’ பொருளும் அந்த ஒரு கப்பலில் கூடிப் போயின.

1678-இல் ஜான் பனியன் எழுதிய ‘பில்கிரிம்ஸ் ப்ராக்ரெஸ்’ இந்தப் பொருளை உலகமெல்லாம் கொண்டுபோனது. அதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய காப்பியம்தான் 1894-இல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’. ஆனால் தமிழ் பைபிளில் அந்த எபிரெயர் வசனத்தைத் திறந்து பாருங்கள். அங்கே யாத்திரிகர் இல்லை. ‘பரதேசிகள்’ என்று இருக்கிறது. இதைவிடச் சரியான சொல் எந்த மொழியிலும் கிடைத்திருக்காது. பர தேசம், வேற்று நாடு. அங்கிருந்து வந்தவன் பரதேசி. பெரெக்ரீனுஸ் போன வழியிலேயே அச்சு மாறாமல் இதுவும் போயிருக்கிறது: முதலில் வெளிநாட்டான், பிறகு ஊர் ஊராகச் சுற்றும் துறவி. முதற்பொருள் கொச்சி மட்டாஞ்சேரியில் இன்றும் அப்படியே இருக்கிறது. 1568-இல் கட்டிய யூதர்களின் தொழுகைக் கூடத்துக்குப் ‘பரதேசி’ என்று பெயர் வந்தது, கடல் கடந்து வந்தவர்கள் கட்டியதால். தமிழில் இந்தச் சொல் மூன்றாவது படியும் ஏறி, அல்லது இறங்கி, வசவாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். அன்னமிட்டு அனுப்ப வேண்டியவனின் பெயர் அது.

அன்னமிட்டதற்குச் சான்றும் இருக்கிறது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் வழிப்போக்கர்களுக்குச் சோறிட நிலம் விட்ட செய்திகள் வரும். அவர்களுக்கு அங்கே வழங்கும் பெயர்கள் தேசாந்திரிகள், அபூர்விகள். அபூர்வி என்றால் முன்பு பார்த்திராதவர். முகமறியாத ஆள் வந்து நிற்கிறார், அவருக்கு இலை போட வேண்டும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் எதற்கு?

இந்தச் சொற்களை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இன்னொரு நுட்பம் கண்ணில் படுகிறது. ஒருவருக்கு யாத்திரிகர் என்ற பெயர் எப்போது கிடைக்கிறது? பெரெக்ரீனுஸும் பரதேசியும் வந்து சேர்ந்த இடத்தில் மற்றவர்கள் தரும் பெயர். ஹாஜி அப்படியல்ல, மக்காவுக்குப் போய்க் கடமை முடித்த பிறகு கிடைத்து, ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்ளும் பட்டம். இதன் ஈர்ப்பு எவ்வளவு என்றால், ஒட்டோமான் ஆட்சியில் எருசலேம் போய் யோர்தான் ஆற்றில் முழுகித் திரும்பிய கிரேக்கக் கிறிஸ்தவர்களும் அதை எடுத்துத் தங்கள் பெயருக்கு முன்னால் ‘ஹாட்ஸி’ என்று சேர்த்துக்கொண்டார்கள். ஆஸ்கர் விருது பெற்ற இசையமைப்பாளர் மானோஸ் ஹாட்ஸிடாகிஸின் பெயரில் இருப்பது அரபுச் சொல்தான்.

மூன்றாவது வகை நம் தெருவில் கார்த்திகை பிறந்ததும் நடமாடுகிறது. சபரிமலைக்கு மாலை போட்ட கணத்தில், வீட்டை விட்டு ஓரடி நகராதபோதே, ஒருவர் ‘சாமி’ ஆகிவிடுகிறார். முதல் முறை என்றால் கன்னிச்சாமி, பலமுறை போய் வழிநடத்துகிறவர் குருசாமி, பெண் என்றால் மாளிகைப்புறம். நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்ட மேலாளரும் “வாங்க சாமி” என்கிறார். 41 நாள் விரதம் முடிந்து மாலை கழன்றதும் பட்டமும் கழன்றுவிடும். கிளம்புவதற்கு முன்பே தொடங்கி, திரும்பியதும் முடியும் இந்தப் பெயர், ஹாஜிக்கு நேர் எதிர்த் திசை. அந்நியம் என்ற எண்ணம் இதில் துளியும் இல்லை.

பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் கதிர்காமத்துக்கும் நடந்து போகிறவர்களை உங்கள் ஊரில் என்னவென்று கூப்பிடுகிறார்கள்? வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கிடைக்கும் சொல்லை ஊர்ப் பெயரோடும் கேட்ட தேதியோடும் எழுதி வையுங்கள். வட்டார அகராதி தொகுப்பவர்களுக்கு அது உதவும்.